தானே பின்னிய சடை

கனீஸ் ஃபாத்திமாவுக்குத் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளத் தெரியாது. வாணியம்பாடியில் இருந்தவரை அது ஒரு குறையாக யார் கண்ணிலும் பட்டதில்லை. பிறந்த வீட்டில் அக்கா தாஹிரா இருந்தாள். தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தங்கையை முன்னால் உட்காரவைத்துச் சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, நான்கு கால் பின்னல் போட்டுவிடுவாள். முழங்காலைத் தொடும் முடி அது. கலியாணமாகிப் போன இடத்தில் நாத்தனார் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். புதுப்பெண்ணின் முடியைப் பின்னுவது அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு விளையாட்டாகவே இருந்தது. கனீஸ் செய்ததெல்லாம் கழுத்தை வளைக்காமல் உட்கார்ந்திருந்தது ஒன்றுதான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை பிறந்ததும் அவள் கணவன் முக்தார் அகமது அவளை ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போனான். அவனுடைய மாமா வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழில் செய்தார். தோலுக்குக் கடுக்காய் வேண்டும். அதை வாங்கிச் சேர்த்து மூட்டை கட்டிக் கீழே அனுப்புவதற்காக, தையிலிருந்து பங்குனி வரை முக்தார் நெல்லிவாசல் பக்கம் ஒரு சிற்றூரில் தங்குவது வழக்கம். மற்ற வருஷங்களில் தானே சோறு பொங்கித் தின்றான். இந்த வருஷம் மனைவியைக் கூட்டிக்கொண்டான். பாதை முடிகிற இடம் வரை லாரி, அதற்கு மேல் நடை. ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட மண்சுவர் வீடு. பக்கத்தில் கிடங்கு, முன்னால் கடுக்காய் காயப்போடும் பெரிய களம். களத்தில் வேலை செய்கிறவர்களின் கண் படாமல் இருக்க வீட்டு வாசலில் மூங்கில் தட்டி ஒன்று கட்டியிருந்தான்.

முதல் நாள் காலையில் குளித்துவிட்டு முடியை உலர்த்திய பிறகுதான் கனீஸுக்கு நிலைமை புரிந்தது. சீப்பு கையில் இருந்தது, முடி முதுகில் கிடந்தது. பின்னால் உட்கார ஆள் இல்லை. இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய் முடியை மூன்றாகப் பிரித்தாள். இரண்டு புரட்டு புரட்டுவதற்குள் நடுக்கால் எது, ஓரக்கால் எது என்று தெரியாமல் போனது. கையை மாற்றும்போதெல்லாம் ஒரு கால் நழுவி மற்றதோடு சேர்ந்துகொண்டது. தோள் வலியெடுத்து இறக்கினாள். மறுபடி தூக்கினாள். கடைசியில் ஏதோ முறுக்கி நாடாவால் இறுக்கிக் கட்டினாள். அது மேலே புடைத்தும் நடுவில் மெலிந்தும் ஒரு பக்கமாகத் தொங்கியது.

முக்தார் சாப்பிட வந்தபோது பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னா கனீஸ், வைக்கப்பிரி மாதிரி கீது?" என்றான். அவன் கேலிக்காகத்தான் சொன்னான், அடுத்த வாய்ச் சோற்றில் மறந்தும் போனான். அவளுக்குக் காது வரை சூடேறியது. தலைமுடியைக்கூடப் பின்னிக்கொள்ளத் தெரியாத பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று இவன் நினைப்பானோ என்று தோன்றியது. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதும் அன்றிலிருந்து அதை எடுக்கவில்லை. முந்தானைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை அல்லவா.

ஆனால் மங்கம்மாள் பார்த்தாள்.

மங்கம்மாள் களத்தில் கடுக்காய் பொறுக்குகிறவள். அவள் புருஷன் அர்ச்சுனன் காட்டிலிருந்து காய் கொண்டுவருவான். நல்ல காய், கறுத்த காய், பூச்சி துளைத்த காய் என்று அவள் பிரித்துப் போடுவாள். கனீஸைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சாயபு வீட்டுக்குச் சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும் அவள்தான். ஒருநாள் குடத்தை இறக்கும்போது கொல்லைப்பக்கம் அடித்த காற்றில் கனீஸின் முந்தானை நழுவியது. மங்கம்மாள் ஒரு கணம் பார்த்தாள். சிரிக்கவில்லை. கைக்கு எட்டவில்லையா என்று கேட்டாள். கனீஸ் முந்தானையைத் தேடினாள்.

"நான் பின்னி வுடட்டாம்மா?" என்றாள் மங்கம்மாள். "ஒரு நிமிசந்தான். வெளிய கல்லு மேல குந்துங்க."

அன்று அவள் பின்னிவிட்ட சடை தாஹிராவின் சடையைப் போலவே நேராக முதுகின் நடுவில் விழுந்தது. மறுநாளும் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்றாள். அது வழக்கமாகிவிட்டது. கொல்லையில் வெயில் விழும் இடத்தில் கனீஸை உட்காரவைப்பாள். முதலில் நெடுநேரம் சீப்பால் வாருவாள், பிறகு விரலால் முடியைப் பகுத்துப் பகுத்து விலக்குவாள், அப்புறம்தான் பின்னத் தொடங்குவாள். எப்போதாவது அவள் கை நின்றுவிடும். நகத்தோடு நகம் உரசுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை, சிக்கு என்பாள்.

கனீஸுக்கு அந்தக் கை சுகமாக இருந்தது. அதே சமயம் ஒரு கூச்சமும் இருந்தது. கடுக்காய்க் கறை ஏறி மங்கம்மாளின் விரல்கள் கறுத்திருந்தன. அவள் சேலையில் புகை வாடை அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்த நேரத்திலெல்லாம் தன் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வதைக் கனீஸ் தன்னை அறியாமலே செய்துவந்தாள்.

ஒருநாள் மங்கம்மாள் போன பிறகு கனீஸ் தன் வெள்ளை ரவிக்கைத் தோளில் ஒரு பேன் ஊர்வதைப் பார்த்தாள். உடம்பு கூசியது. அந்த நகச் சத்தம் உடனே நினைவுக்கு வந்தது. மங்கம்மாள் பின்னிக்கொண்டிருக்கும்போது நடுவில் கையை எடுத்துத் தன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறாள், அங்கிருந்துதான் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். அது தன்னுடையதாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. தங்கள் வீட்டுத் தலைகளில் பேன் இருக்காது என்பது யாரும் சொல்லாமலே அவள் நம்பி வளர்ந்த விஷயம்.

சோறு போடும்போது முக்தாரிடம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குத் தலை நிறையப் பேன் இருக்கிறது, இனி வீட்டுக்குள் வரவேண்டாம், தண்ணீருக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். முக்தார் தலையாட்டினான். அவன் நயமாக ஏதாவது காரணம் சொல்லி நிறுத்திவிடுவான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். தலை நிறைய என்று ஏன் சொன்னோம் என்று அப்போதே மனசில் ஓர் ஓரத்தில் உறுத்தியது. அவள் மங்கம்மாளின் தலையை ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் களத்தில் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில் முக்தார் மேஸ்திரி லட்சுமணனைக் கூப்பிட்டான். தண்ணீர்க் குடத்தை இனி வேறு ஆளிடம் கொடு, மங்கம்மாள் தலையில் பேனாம், வீட்டில் ஒட்டிக்கொள்கிறதாம் என்றான். விளையாட்டுப் போலத்தான் சொன்னான். லட்சுமணன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். பாயில் மங்கம்மாளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கனீஸ் தட்டியின் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மங்கம்மாள் எழுந்து நின்றாள். "யாரு சொன்னது சாயபு?" என்று கேட்டாள்.

"வூட்ல சொன்னாங்க" என்றான் முக்தார். அவன் குரல் இறங்கிவிட்டது. களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மங்கம்மாள் மட்டும் பார்க்கவில்லை. களத்தின் நடுவுக்குப் போனாள், வெயிலில் உட்கார்ந்தாள், கொண்டையை அவிழ்த்து முடியை விரித்துப் போட்டாள்.

"ஜெயம்மாக்கா, வந்து பாருங்க" என்றாள்.

ஜெயம்மாள் அங்கிருந்த பெண்களில் மூத்தவள். விட்டுத் தள்ளு, யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்று எழாமலே சமாதானம் சொன்னாள். மங்கம்மாள் அசையவில்லை. மறுபடியும் அதையே சொன்னாள். வேறு வழியில்லாமல் ஜெயம்மாள் வந்து பின்னால் குந்தினாள். காது ஓரம், பிடரி, உச்சி என்று வகிடு வகிடாக எடுத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்து குனிந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"ஒண்ணுங்கூட இல்லடி" என்றாள் ஜெயம்மாள். "ஈரு கூட இல்ல."

லட்சுமணன் வேலையைப் பாருங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முக்தார் இருமியபடி கிடங்குக்குள் போனான். பெண்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். மங்கம்மாள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, தன் முடியைத் தானே பின்னத் தொடங்கினாள்.

கனீஸ் அந்த விரல்களைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. மங்கம்மாள் முடியை மூன்றாகப் பிரித்ததும் ஒரு காலைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் கொடுத்து உள்ளங்கையோடு மடக்கிக்கொண்டாள். மற்ற இரண்டையும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் புரட்டின. புரட்டி முடித்ததும் அடுத்த கை சுண்டுவிரலை நீட்டி வாங்கிக்கொண்டது. ஒரு காலும் ஒரு நொடிகூடப் பிடி இல்லாமல் இல்லை. முழங்கைகளை அவள் உயரத் தூக்கவில்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து முடியைக் கைக்கு இறக்கிக்கொடுத்தாள். பிடரி தாண்டியதும் சடையைத் தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து மீதியைக் கண்ணால் பார்த்துப் பின்னினாள்.

இப்படித்தான் செய்ய வேண்டுமா என்று கனீஸுக்கு மனசில் வந்தது. அது வந்த மறு நொடியே, இந்த நேரத்தில் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறோமே என்று தட்டியை விட்டு விலகி உள்ளே போனாள். அடுப்பு அணைந்திருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மங்கம்மாள் அன்று பொழுது சாயும்வரை காய் பொறுக்கிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை. அர்ச்சுனன் மட்டும் காய் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு யாரிடமும் பேசாமல் போனான்.

இனி கனீஸின் தலைக்கு அவளே பொறுப்பு. மற்ற பெண்களைக் கேட்க அவளுக்கு முகம் இல்லை. தினமும் கணவன் களத்துக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் முடி முழுவதையும் ஒரு தோளுக்கு முன்னால் எடுத்துப்போட்டுப் பின்னினாள். கண்ணுக்குத் தெரிந்ததால் கீழ்ப்பாதி நன்றாக வந்தது. ஆனால் பின்னால் தள்ளியதும் பிடரியில் தொளதொளவென்று ஒரு பை போலத் தொங்கியது. பிறகு பிடரியில் நாடாவால் இறுகக் கட்டிவிட்டு அதற்குக் கீழே பின்னிப் பார்த்தாள். அது கெட்டியாக நின்றது, ஆனால் குதிரை வாலில் சடை முளைத்த மாதிரி இருந்தது. நடு வகிடெடுத்து இரண்டு பக்கமும் இரட்டைச் சடை போட்டாள். அது எளிதாக வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தலை ஒரு மனைவியின் உடம்பில் இருந்தது. அவிழ்த்துவிட்டாள். குனிந்து முடியை முகத்துக்கு முன்னால் விழவிட்டுத் தலைகீழாகவும் பின்னிப் பார்த்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம்.

மங்கம்மாளின் வழியை மட்டும் தொடவில்லை. அது தனக்குக் கொடுக்கப்பட்டது அல்ல என்று பட்டது. ஆனால் ஒருநாள், மற்ற எல்லாம் தோற்று அலுத்துப்போன நேரத்தில், சுண்டுவிரல் தானாக மடங்கிக்கொண்டது. தலையைப் பின்னால் சாய்த்தாள். முழங்கையைத் தாழ்த்தினாள். ஒரு காலும் நழுவவில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் கையால் தடவிப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது.

முக்தார் அன்று கவனித்தான். பரவாயில்லையே, தாஹிரா வந்து பின்னிவிட்டுப் போனாளா என்று கேட்டான். கனீஸ் குழம்பு ஊற்றினாள். அவன் கேலி செய்த நாளில்கூட அவளுக்கு அவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை.

கை பழகப் பழக, மூன்று கால் நாலு காலானது. சில நாள் பின்னலை வளைத்துச் செருகினாள். ஆனால் அதற்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. தலை அரித்தது. முதலில் குளிர்காற்றில் தோல் வறண்டுவிட்டது என்று நினைத்துக் கூடுதலாக எண்ணெய் வைத்தாள். அரிப்பு பிடரிக்கும் காதுக்குப் பின்னாலும் வந்தது. ஒரு மத்தியானம் வெள்ளைத் துண்டை மடியில் விரித்து, கலியாணச் சீரில் வந்த பேன்சீப்பை எடுத்து, குனிந்து வாரினாள். துண்டில் பேன்கள் விழுந்தன. ஒன்றிரண்டு அல்ல.

மங்கம்மாளிடமிருந்து ஒட்டியதுதான் என்று மனசு உடனே சொல்லிக்கொண்டது. ஆனால் அந்தத் தலையைத்தான் களத்தில் எல்லோரும் பார்த்தார்களே. ஜெயம்மாள் சொன்னது கனீஸின் காதிலேயே விழுந்ததே. அவள் ஒரு கற்றை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வேரிலிருந்து விரற்கடைகள் தள்ளி, முடி வளர்ந்து கீழே இறங்கிய இடத்தில், காய்ந்துபோன வெற்று ஈருகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பேன் வேரோரம்தான் ஈரு வைக்கும், அப்படியானால் இவை இந்த மலைக்கு வருவதற்கு வெகு முன்பே வைத்தவை. மாமியார் வீட்டில் நாத்தனாரின் இரண்டு சின்னப் பெண்களும் அவளைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவார்கள். ஓயாமல் தலையைச் சொறிவார்கள். அது அப்போது அவளுக்குச் செல்லமாகத்தான் தெரிந்தது.

மங்கம்மாள் வெயிலில் உட்காரவைத்தது, நெடுநேரம் வாரியது, கற்றை கற்றையாக விலக்கியது, நின்று நின்று பின்னியது எல்லாம் இப்போது விளங்கியது. அந்த நகச் சத்தம் அவள் தன் தலையைச் சொறிந்த சத்தம் அல்ல. கனீஸின் தலையில் எடுத்ததைக் குத்திய சத்தம். முதல் நாளிலிருந்தே மங்கம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. களத்தில் அத்தனை பேர் முன்னால் தன் தலையை விரித்துக் காட்டியபோது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

கனீஸ் துண்டைச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

அதன்பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. தானே வாரித் தானே தீர்த்துவிடலாம் என்று பார்த்தாள். காதுப்பக்கத்துப் பேன் போனது, பிடரியில் இருந்தது போகவில்லை. பின்னிக்கொள்ளக் கற்ற கைக்குப் பின்தலையில் பேன் பார்க்கத் தெரியவில்லை. அதற்குக் கண் வேண்டும், இன்னொருவருடைய கண். சில நாளில் முக்தாரும் தொப்பியைக் கழற்றிக் கழற்றித் தலையைச் சொறிய ஆரம்பித்தான். காலைக் கஞ்சி குடிக்கும்போது எரிச்சலோடு சொன்னான்: அந்தப் பொம்பளை விட்ட பேன் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. அவள் ஊர்ப் பெண்களையே இனி வேலைக்கு வைக்காதே என்று லட்சுமணனிடம் சொல்லப்போகிறேன்.

கனீஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இன்றைக்குச் சொல்ல வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்டபோது கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ எடுத்துப்போனாள்.

அவன் களத்துக்குப் போனதும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கொல்லை வழியாக வெளியேறினாள். கலியாணமானதிலிருந்து அவள் தனியாக எங்கும் நடந்ததில்லை. மங்கம்மாளின் வீடு சரிவுக்குக் கீழே இருக்கிறது என்று தெரியும், மாலையில் பெண்கள் அந்தப் பாதையில்தான் இறங்குவார்கள். வழியில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி கேட்காமலே கையைக் காட்டினாள். களத்தில் நடந்தது ஊர் முழுக்கப் பரவியிருந்தது, இவள் எங்கே போகிறாள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மங்கம்மாள் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். கனீஸைப் பார்த்தாள். உலக்கையை நிறுத்தவில்லை. கனீஸ் வேலியோரம் நின்றாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், எல்லாம் கலைந்துபோயிற்று.

"அக்கா" என்றாள். இதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "பேன் எந்தலையில தான் இருந்திருக்கு. ஒங்களுக்கு இல்ல."

உலக்கை இன்னும் இரண்டு குத்து குத்திவிட்டு நின்றது. "தெரியும்மா" என்றாள் மங்கம்மாள். "மொத நாளே பாத்தேனே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"புதுசா வந்த பொண்ணு. வெக்கப்படுவீங்கன்னு சும்மா இருந்துட்டேன். பத்து நாள் பாத்தா போய்டும்னு நெனச்சேன்."

கனீஸ் அழுதாள். தெரியாமல் சொல்லிவிட்டதாகவும், தன் வீட்டுக்காரர் இப்படிக் களத்தில் வைத்துப் பேசுவார் என்று நினைக்கவில்லை என்றும், மன்னிக்கவேண்டும் என்றும் சொன்னாள். மங்கம்மாள் முறத்தை எடுத்துத் தவிட்டைப் புடைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னாம்மா ஆவப் போவுது?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவங்க அங்க குந்தினு கீறாங்க. இன்னிக்கும் சந்தையில என்னப் பாத்தா பேன்காரின்னு சிரிக்கிறாங்க. எந்தலையத் தொறந்து காட்டியும் சிரிக்கிறாங்க."

உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கனீஸ் திரும்பி ஏறினாள்.

களத்தில் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார்கள். முக்தார் தராசுப் பக்கம் நின்றான். துப்பட்டியோடு மனைவி சரிவிலிருந்து ஏறி வருவதைப் பார்த்து அவன் முகம் மாறியது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின் முன்னால் வந்து நின்றாள். லட்சுமணன் தலை குனிந்தபடி ஒதுங்கினான்.

"மங்கம்மாக்கா தலையில பேன் இல்ல" என்றாள். குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றவே மறுபடி சொன்னாள். "எந்தலையில இருந்துச்சு. வாணியம்பாடியிலேர்ந்தே இருந்துச்சு. அவங்க தெனம் எனக்கு எடுத்து வுட்டாங்க. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

மங்கம்மாளைப் போலத் தலையைத் திறந்து எல்லோரையும் பார்க்கச் சொல்லவேண்டும் என்று ஏறி வரும்போது நினைத்திருந்தாள். கை துப்பட்டி வரை போனது. அங்கே ஆண்கள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அல்ல என்று அவளுக்குத் தெரியும். கையை இறக்கிக்கொண்டாள்.

ஜெயம்மாள்தான் பேசினாள். "சரிம்மா. கேட்டுக்கினோம். வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றாள். கனீஸ் தட்டியைத் தாண்டிக் கதவைச் சாத்திய பிறகு வெளியே யாரோ அடக்கமாட்டாமல் சிரிப்பது கேட்டது. யாரோ அதட்டினார்கள். அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள்.

முக்தார் மத்தியானம் வந்து சாப்பிட்டான். கை கழுவும்போது, முதலில் தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றான். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள் என்றாள் அவள். அவன் மறுக்கவில்லை. அடுத்த நாள் மூட்டைகளோடு ஒடுகத்தூருக்கு இறங்கிப்போனவன் மொட்டைத் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பினான். களத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெண்கள் காய் பொறுக்கினார்கள். அந்தச் சிரிப்பை அவன் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

ஜெயம்மாள் ஒரு காலையில் தட்டிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். சீத்தாப்பழ விதையை இடித்து இலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எண்ணெயில் குழைத்துத் தேயுங்கள், கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து தானே பின்தலைக்குத் தேய்த்தும் விட்டாள். அவள் விரல் பட்டபோது கனீஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மருந்துக்குப் பயந்து என்று ஜெயம்மாள் நினைத்திருப்பாள்.

மங்கம்மாளை வேலைக்குக் கூப்பிட முக்தாரே லட்சுமணனை அனுப்பினான். சாமை வேலை முடியட்டும் என்று சொல்லி அனுப்பினாள். முடிந்த பிறகு வந்தாள். முக்தார் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில் நிழலான இடத்தைக் காட்டி அங்கே உட்காரச் சொன்னான். அவள் அதைக் கேளாதவள் போலத் தன் பழைய இடத்தில் பாயை விரித்துக்கொண்டாள். அன்று நகர்ந்து உட்கார்ந்த பெண் இன்று நெருங்கி உட்கார்ந்து வெற்றிலை நீட்டினாள். மங்கம்மாள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. தண்ணீர்க் குடம் வேறு ஆளின் கையில் இருந்தது.

பங்குனி பிறந்து வேலை குறைந்துகொண்டிருந்த சமயம். கனீஸ் கொல்லையில் உட்கார்ந்து ஈரம் போன முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுனைப் பாதையில் மங்கம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கனீஸின் விரல்கள் அப்படியே நின்றன. சுண்டுவிரல் மடங்கியிருந்த விதத்தை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. யாருடைய பொருளையோ எடுத்து வைத்திருக்கும்போது உடையவர் வந்து நின்றதைப் போல முகமெல்லாம் எரிந்தது.

மங்கம்மாள் நின்று பார்த்தாள்.

"பொடனியாண்ட தொளதொளன்னு கீது" என்றாள். "மொத ரெண்டு பொரட்ட இறுக்கிப் புடிக்கணும். அப்பறம் தானா வரும்."

கூடையைக் கீழே வைப்பாள் என்று கனீஸ் எதிர்பார்த்தாள். ஒரு கணம் தன் கையை முடியிலிருந்து எடுத்துவிடக்கூடப் பார்த்தாள். மங்கம்மாள் கூடையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு களத்துப் பக்கம் போய்விட்டாள்.

கனீஸ் பின்னியதைப் பிடரி வரை அவிழ்த்தாள். மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு புரட்டையும் வலிக்கும் அளவுக்கு இறுக்கினாள். களத்தில் பெண்கள் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது, அதில் மங்கம்மாளின் குரலும் இருந்தது. கை வலித்தது. இறக்காமல் பின்னிக்கொண்டே இருந்தாள்.